இல்லாததைக் கவனிக்கும் செல்: புற்றுநோயும் என்.கே. செல்களும் கணினி உயிரியலும்

1980களின் நடுவில், ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் ஒரு எலிச் சோதனை செய்தார்கள். கையில் இருந்தவை இரண்டு வகைப் புற்றுச் செல்கள். இரண்டும் லிம்போமா என்ற வெள்ளணுப் புற்றின் ஒரே கட்டியிலிருந்து பிரிந்த கிளைகள்தான். ஒரே வித்தியாசம்: ஒன்றின் மேற்பரப்பில் எம்.எச்.சி. என்ற அடையாளப் புரதம் நிறைய இருந்தது, மற்றொன்றில் அது கிட்டத்தட்ட இல்லை. இரண்டையும் சிறிய அளவில், அதே இனத்து எலிகளுக்குச் செலுத்தினார்கள்.

நம் உடம்பைக் காக்கும் வெள்ளணுக்களில் ஒரு வகையான டி செல்கள் இந்த எம்.எச்.சி. புரதத்தைப் பார்த்துத்தான் எதிரியை இனம் காண்கின்றன. அப்படியானால் அடையாளப் புரதம் இல்லாத செல் டி செல்களின் கண்ணில் படாமல் தப்பித்து வளர வேண்டும், இல்லையா? நடந்தது தலைகீழ். புரதம் வைத்திருந்த செல்கள் கட்டியாக வளர்ந்தன. புரதம் இல்லாதவை அழிக்கப்பட்டன.

அழித்தவை இயற்கைக் கொல்லி செல்கள். நேச்சுரல் கில்லர் என்பதன் முதலெழுத்துகளை வைத்து என்.கே. செல்கள் என்று சுருக்கமாகச் சொல்வார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். க்ளாஸ் கார்ரே என்ற ஆய்வாளர் 1981இல் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டிலேயே இதை ஊகித்திருந்தார். 1986இல் அவரும் சக ஆய்வாளர்களும் இந்தச் சோதனை முடிவை நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். அவர் சொன்னதன் சாரம் இதுதான்: இந்தச் செல்கள் அந்நியமான ஒன்று இருக்கிறதா என்று மட்டும் தேடுவதில்லை, இருக்க வேண்டிய ஒன்று காணாமல் போயிருக்கிறதா என்றும் பார்க்கின்றன.

எதிர்ப்பாற்றலியலில் எனக்கு மிகவும் பிடித்த கருத்து இது. என்.கே. செல்களைக் கணினியில் ஆராய்பவர்களும் கடைசியில் இதே வேலையைத்தான் செய்கிறார்கள் என்பது அதற்கு ஒரு காரணம். தரவுக் குவியலில் என்.கே. செல்லை அடையாளம் காண, அதில் என்ன இருக்கிறது என்பதோடு என்ன இல்லை என்பதையும் பார்த்தாக வேண்டும். அதில்தான் பாதி சிரமம்.

யார் இந்த என்.கே. செல்கள்?

ரத்தத்தில் ஓடும் லிம்ஃபோசைட் என்ற வெள்ளணுக்களில் சுமார் 5 முதல் 15 சதவீதம் என்.கே. செல்கள். 1975ஆம் ஆண்டு வாக்கில் ஸ்வீடனிலும் அமெரிக்காவிலும் தனித்தனியாக இவற்றைக் கண்டறிந்தார்கள். அதற்கு முன்பும் சோதனைகளில் இவை தலைகாட்டியிருக்கின்றன. புற்றுச் செல்லை ஒருமுறைகூடச் சந்திக்காத விலங்கின் வெள்ளணுக்களும் அதைக் கொஞ்சம் கொன்றன. சோதனையில் ஏதோ பிசகு, பின்னணி இரைச்சல் என்று பலர் அதைக் கழித்துவிட்டுப் போனார்கள். அந்த 'இரைச்சல்' ஏன் எப்போதும் வருகிறது என்று நின்று கேட்டவர்களுக்குத்தான் விடை கிடைத்தது. முன் பழக்கமோ பயிற்சியோ இல்லாமல் இயல்பாகவே கொல்வதால்தான் பெயரில் 'இயற்கை' என்ற சொல்.

டி செல்லும், பி செல் என்ற இன்னொரு வெள்ளணுவும், தங்கள் ஏற்பிகளுக்கான (மேற்பரப்பில் நின்று எதிரே உள்ளதைப் பற்றிப் பார்க்கும் புரதங்களுக்கான) மரபணுக்களை வெட்டி ஒட்டி, ஒவ்வொரு செல்லுக்கும் தனித்துவமான ஏற்பியை உருவாக்கிக்கொள்கின்றன. என்.கே. செல் அப்படிச் செய்வதில்லை. பிறப்பிலேயே கிடைத்த ஏற்பிகளைத்தான் அது பயன்படுத்துகிறது. ஆனால் அவை நிறைய வகை. சில முடுக்குபவை, சில தடுப்பவை.

தடுப்பவற்றில் முக்கியமானது கே.ஐ.ஆர். குடும்பம். மனிதர்களில் எம்.எச்.சி. புரதத்துக்கு எச்.எல்.ஏ. என்று பெயர். எதிரே உள்ள செல்லில் எச்.எல்.ஏ. ஒழுங்காக இருந்தால் கே.ஐ.ஆர். அதைப் பற்றிக்கொண்டு, "நம்ம ஆள், விட்டுவிடு" என்று உள்ளே செய்தி அனுப்பும். என்.கே.ஜி.2ஏ என்று இன்னொரு தடுப்பு ஏற்பி உண்டு. அது பார்ப்பது எச்.எல்.ஏ.-இ என்ற புரதத்தை. மற்ற எச்.எல்.ஏ. புரதங்கள் தயாராகும்போது வெட்டப்படும் ஒரு துண்டு கிடைத்தால்தான் எச்.எல்.ஏ.-இ மேற்பரப்பில் நிலைத்து நிற்கும். ஆகவே அந்த ஒரு புரதத்தைப் பார்த்தாலே உள்ளே எச்.எல்.ஏ. உற்பத்தி ஒழுங்காக நடக்கிறதா என்று என்.கே. செல்லுக்குத் தெரிந்துவிடுகிறது.

முடுக்குபவற்றில் பிரபலமானது என்.கே.ஜி.2டி. டி.என்.ஏ. சேதம், வைரஸ் தொற்று, புற்றாக மாறும் போக்கு என ஒரு செல் நெருக்கடியில் இருக்கும்போது மிக்-ஏ, மிக்-பி போன்ற புரதங்களை வெளியே காட்டும். என்.கே.ஜி.2டி அவற்றைப் பிடித்துக்கொள்ளும்.

இப்போது என்.கே. செல்லின் முடிவு எப்படி வருகிறது என்று பாருங்கள். ஒரு பக்கம் முடுக்கும் செய்திகள், மறு பக்கம் தடுக்கும் செய்திகள். இரண்டையும் கூட்டிக் கழித்து, முடுக்கம் ஒரு வரம்பைத் தாண்டினால் தாக்குதல், இல்லையென்றால் விலகல். எச்.எல்.ஏ. இல்லாவிட்டால் மட்டும் போதாது, முடுக்கும் செய்தியும் வேண்டும். நம் சிவப்பணுக்களில் எச்.எல்.ஏ. கிட்டத்தட்ட இல்லை, ஆனாலும் என்.கே. செல்கள் அவற்றைத் தொடுவதில்லை. கணக்குப் போடும் செல் என்று இதைச் சொன்னால் மிகையில்லை.

தாக்குதல் தொடங்கினால் நடப்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். என்.கே. செல் இலக்குச் செல்லோடு இறுக ஒட்டிக்கொள்கிறது. தொடும் இடத்தில் ஒரு வளையம் போன்ற அமைப்பு உருவாகிறது. செல்லுக்குள் சிதறிக் கிடக்கும் நச்சுப் பைகள், நுண்குழல் என்ற தடங்களின் வழியே நகர்ந்து ஓரிடத்தில் திரள்கின்றன. திரண்ட கூட்டம் மொத்தமாக ஒட்டிய இடத்தை நோக்கித் திரும்புகிறது. பைகள் திறக்கின்றன. பெர்ஃபோரின் என்ற புரதம் இலக்குச் செல்லின் சவ்வில் துளை போடுகிறது, கிரான்சைம் என்ற நொதிகள் உள்ளே நுழைகின்றன. அதன் பிறகு இலக்குச் செல் தன் தற்கொலை இயந்திரத்தைத் தானே முடுக்கிவிட்டுத் துண்டு துண்டாகிறது. அதே பெர்ஃபோரின் என்.கே. செல்லை ஏன் துளைப்பதில்லை? அதன் சவ்வில் கொழுப்பு மூலக்கூறுகள் நெருக்கமாக, ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பது ஒரு முக்கியக் காரணம். வேலை முடிந்ததும் அது பிரிந்து அடுத்த செல்லிடம் போகும். ஒரே என்.கே. செல் ஒன்றன் பின் ஒன்றாகப் பல செல்களைக் கொல்வதை நுண்ணோக்கி வழியே படம் பிடித்திருக்கிறார்கள்.

கொல்வதோடு சரி என்று நினைத்துவிட வேண்டாம். என்.கே. செல் வெளியிடும் வேதிச் செய்திகள் எதிரியின் துண்டுகளை டி செல்களுக்குக் காட்டும் டென்ட்ரைட்டிக் செல்களைக் கட்டிக்குள் வரவழைக்கின்றன. அவை டி செல்களைத் தட்டி எழுப்புகின்றன. இந்தத் தொடர்பைக் காட்டிய முக்கிய ஆய்வுகள் 2018இல் வந்தன. என்.கே. செல் எண்ணிக்கையில் குறைவாக இருந்தாலும் கட்டியின் போக்கில் அதற்கு ஏன் இவ்வளவு செல்வாக்கு என்பதற்கு இது ஒரு விளக்கம்.

புற்றுநோய்க்கும் இவற்றுக்கும் தொடர்பு உண்டு என்று எப்படித் தெரியும்?

எலிகளில் சரி, மனிதர்களில்? ஜப்பானின் சைத்தாமா மாகாணத்தில் 1986இல் ஒரு நீண்ட ஆய்வு தொடங்கியது. 3,625 பேரின் ரத்தத்தை எடுத்து, அதிலுள்ள வெள்ளணுக்கள் புற்றுச் செல்களை இயல்பாக எவ்வளவு கொல்கின்றன என்று ஆய்வுக்கூடத்தில் அளந்தார்கள். பிறகு 11 ஆண்டுகள் அவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். கொல்லும் திறன் குறைவாக இருந்தவர்களுக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. 2000ஆம் ஆண்டு லான்செட் இதழில் இது வெளியானது.

இதைப் படித்ததும் "அப்படியானால் என்.கே. செல்லைக் கூட்டினால் புற்றுநோய் வராது" என்று முடிவு கட்டத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். இரண்டு விஷயங்கள் சேர்ந்து காணப்படுகின்றன என்பது வேறு, ஒன்றால் இன்னொன்று நடக்கிறது என்பது வேறு. வயது, புகைப்பழக்கம், இன்னும் வெளியே தெரியாத ஆரம்பக் கட்டி என மூன்றாவது காரணம் ஒன்று இரண்டையும் இழுத்துக்கொண்டிருக்கலாம். என்.கே. செல்லைப் பெருக்குவதாகச் சொல்லி விற்கும் மாத்திரைகளின் விளம்பரங்களில் இந்த வேறுபாட்டைத்தான் முதலில் மறைத்துவிடுகிறார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும்.

செல் எண்களாகும்போது

இனி கணினிப் பக்கம் வருவோம்.

ஒரு செல்லில் சுமார் 20,000 புரத மரபணுக்கள் உள்ளன. எல்லாச் செல்லிலும் அதே மரபணுக்கள்தான், ஆனால் எது எவ்வளவு வேலை செய்கிறது என்பது செல்லுக்குச் செல் மாறும். வேலை செய்யும் மரபணு ஆர்.என்.ஏ. நகல்களை உண்டாக்கும். அந்த நகல்களை எண்ணினால் செல் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம். 2009இல் முதன்முறையாக ஒற்றைச் செல்லின் ஆர்.என்.ஏ.வை முழுமையாக வரிசைப்படுத்திக் காட்டினார்கள். இன்று ஒரே சோதனையில் பல்லாயிரம் செல்களைத் தனித்தனியே படிக்க முடிகிறது.

சோதனையின் முடிவில் கைக்கு வருவது ஒரு பெரிய அட்டவணை. வரிசைகளில் மரபணுக்கள், பத்திகளில் செல்கள், கட்டங்களில் எண்ணிக்கை. பெரும்பாலான கட்டங்களில் இருப்பது பூஜ்ஜியம். இந்த அட்டவணையைப் பார்த்து எது என்.கே. செல் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் கேள்வி, ஆனால் எளிதல்ல.

ஒரு கற்பனை உதாரணம். மூன்று செல்கள் உங்கள் முன் இருக்கின்றன. முதல் செல்லில் என்.கே.ஜி.7 என்ற மரபணுவின் நகல்கள் 14, பெர்ஃபோரின் 6. இரண்டாவதில் என்.கே.ஜி.7 நகல்கள் 12, பெர்ஃபோரின் 5, சி.டி.3டி என்ற மரபணு 3. மூன்றாவதில் என்.கே.ஜி.7 நகல்கள் 13, பெர்ஃபோரின் 7, என்.சி.ஆர்.1 மரபணு 1. இவற்றில் எது என்.கே. செல்?

என்.கே.ஜி.7 என்ற பெயரைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. கொல்லும் வேலையில் உள்ள டி செல்களிலும் அது நிறைய இருக்கும். பெர்ஃபோரினும் அப்படியே. கொல்லும் கருவிகள் இருவருக்கும் பொது. டி செல்லைக் காட்டிக்கொடுப்பது சி.டி.3, அதன் ஏற்பியோடு சேர்ந்திருக்கும் புரதம். இரண்டாவது செல்லில் அது இருப்பதால் அது டி செல் என்று சொல்லலாம். மூன்றாவதில் சி.டி.3 இல்லை, அதோடு என்.கே. செல்லுக்கே உரிய என்.சி.ஆர்.1 ஒன்று இருக்கிறது. ஆகவே அது பெரும்பாலும் என்.கே. செல். முதல் செல்? சி.டி.3 இல்லை, என்.சி.ஆர்.1உம் இல்லை. சங்கடம் இங்கேதான்.

அட்டவணையில் பூஜ்ஜியம் என்றால் 'இல்லை' என்று அர்த்தமா, 'பிடிபடவில்லை' என்று அர்த்தமா? ஒற்றைச் செல் முறைகள் செல்லில் உள்ள ஆர்.என்.ஏ.யில் சிறு பகுதியைத்தான் பிடிக்கின்றன. சி.டி.3 உள்ள டி செல்லும் அட்டவணையில் பூஜ்ஜியத்தோடு வந்து நிற்கலாம். போதாக்குறைக்கு, ஆய்வுக்கூடத்தில் என்.கே. செல்லை அடையாளம் காண எல்லோரும் பயன்படுத்தும் சி.டி.56 புரதத்தின் ஆர்.என்.ஏ. மிகக் குறைவாகவே இருக்கும், அட்டவணையில் பெரும்பாலும் தெரியாது. சில என்.கே. செல்களில் சி.டி.3 தொகுதியின் ஒரு பகுதியும், காமா-டெல்டா என்ற டி செல் வகையின் ஏற்பி மரபணு ஒன்றின் நகல்களும் கொஞ்சம் தென்படும். ஒரு மரபணுவை மட்டும் நம்பினால் தவறு நிச்சயம்.

அதனால் செல்களைத் தனித்தனியே பார்க்காமல் கூட்டமாகப் பார்க்கிறார்கள். ஆயிரக்கணக்கான மரபணுக்களில் ஒத்த போக்குள்ள செல்களை நிரல் ஒன்றாகச் சேர்க்கும். ஒரு செல்லில் பிடிபடாத சி.டி.3, அதே கூட்டத்தில் உள்ள 500 செல்களில் எங்காவது பிடிபட்டே தீரும். 500 செல்களிலும் பூஜ்ஜியம் என்றால் அந்த இன்மைக்கு எடை உண்டு. நம் முதல் செல்லுக்கும் விடை அது எந்தக் கூட்டத்தில் போய்ச் சேர்கிறது என்பதில் இருக்கிறது. சந்தேகம் தீராவிட்டால், 2017இல் வந்த சைட்-செக் போன்ற முறைகள் ஆர்.என்.ஏ.வோடு மேற்பரப்புப் புரதத்தையும் அதே செல்லில் அளக்கும். அப்போது சி.டி.56உம் சி.டி.3உம் நேராகவே தெரிந்துவிடும்.

இப்படிச் சேகரித்த தரவுகளை ஒன்றுதிரட்டி 2023இல் செல் இதழில் ஒரு பெரிய வரைபடம் வந்தது. 24 வகைப் புற்றுநோய்கள், 716 நோயாளிகள். சீன ஆய்வாளர்கள் நடத்திய அந்த ஆய்வில், கட்டிக்குள் மட்டும் அதிகமாகக் காணப்படும் ஒரு என்.கே. கூட்டம் தெரிந்தது. டி.என்.ஏ.ஜே.பி.1 என்ற அழுத்தநிலை மரபணு அதில் உயர்ந்திருந்தது, கொல்லும் திறன் மங்கியிருந்தது. அது அதிகமாக இருந்த நோயாளிகளின் நிலை பொதுவாக மோசமாக இருந்தது. ஆக, கட்டிக்குள் என்.கே. செல் இருக்கிறதா என்று கேட்டால் போதாது, எந்த நிலையில் இருக்கிறது என்றும் கேட்க வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. திசுவை நொதி போட்டுக் கரைத்துச் செல்களைப் பிரித்தெடுக்கும்போதே அழுத்தநிலை மரபணுக்கள் விழித்துக்கொள்ளும். கட்டி கொடுத்த அழுத்தமா, நாம் கொடுத்த அழுத்தமா? திசுவைக் கரைக்காமல் அப்படியே மெல்லிய சீவலாக வைத்து அளக்கும் முறைகளைக் கொண்டு இதைச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. கணினியில் அழகாகப் பிரிந்து தெரியும் ஒவ்வொரு வண்ணப் புள்ளிக் கூட்டமும் உண்மையில் ஒரு தனிச் செல் வகை அல்ல என்பதைப் புதிதாக வருபவர்கள் முதல் நாளே மனதில் போட்டுக்கொள்வது நல்லது.

கலவையிலிருந்து விகிதம்

ஒற்றைச் செல் சோதனை செலவு பிடித்தது. அதற்கு முன்பே சேர்ந்துவிட்ட தரவுகள் ஏராளம். 2006இல் அமெரிக்காவில் தொடங்கிய புற்றுநோய் மரபணுத் தொகுப்பு வரைபடத் திட்டம், டி.சி.ஜி.ஏ., 33 வகைப் புற்றுநோய்களில் 11,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் கட்டிகளை அளந்து வைத்திருக்கிறது. அதில் ஒவ்வொரு கட்டியும் மொத்தமாக அரைத்துத்தான் அளக்கப்பட்டது. புற்றுச் செல், ரத்தக் குழாய்ச் செல், டி செல், என்.கே. செல் எல்லாம் கலந்த ஒரே எண். அதிலிருந்து என்.கே. பங்கைப் பிரித்தெடுக்க முடியுமா?

முடியும். பள்ளிக்கூடத்தில் படித்த சமன்பாடுதான். எளிமைக்காக எண்களை நானே வைக்கிறேன். தூய என்.கே. செல்களில் என்.சி.ஆர்.1 அளவு 100, என்.கே.ஜி.7 அளவும் 100 என்று வைத்துக்கொள்வோம். தூய டி செல்களில் என்.சி.ஆர்.1 பூஜ்ஜியம், என்.கே.ஜி.7 50. மற்றச் செல்களில் இரண்டுமே பூஜ்ஜியம். கட்டியை அரைத்து அளந்தால் என்.சி.ஆர்.1 5, என்.கே.ஜி.7 25 வருகிறது. என்.சி.ஆர்.1 என்.கே. செல்லிலிருந்து மட்டும்தான் வர முடியும், ஆகவே என்.கே. பங்கு 5 சதவீதம். அந்த 5 சதவீதம் என்.கே.ஜி.7இல் 5 அலகைக் கொடுத்திருக்கும். மீதி 20 அலகு டி செல்லிலிருந்து வர வேண்டும். 20ஐ 50ஆல் வகுத்தால் 40 சதவீதம் டி செல்கள்.

நிஜத்தில் இரண்டு மரபணுக்களுக்குப் பதில் நூற்றுக்கணக்கானவை, இரண்டு செல் வகைகளுக்குப் பதில் பல. 2015இல் ஸ்டான்ஃபோர்டில் உருவான சைபர்சார்ட் என்ற கருவி 547 மரபணுக்களை வைத்து 22 வகை எதிர்ப்புச் செல்களின் விகிதத்தைக் கணிக்கிறது. அளவீடுகளில் பிழை இருப்பதால் எல்லாச் சமன்பாடுகளும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாது. மிகக் குறைந்த பிழையில் பொருந்தும் விடையை நிரல் தேடிக் கண்டுபிடிக்கும்.

மேலே உள்ள கணக்கில் ஒரு விஷயம் கவனித்தீர்களா? எல்லாமே என்.சி.ஆர்.1இன் அந்த 5ஐ நம்பித்தான் நிற்கிறது. அளவீட்டுப் பிழையால் அது 5க்குப் பதில் 8 ஆனால் என்.கே. பங்கு ஒன்றரை மடங்குக்கும் மேல் ஏறிவிடும். கட்டிகளில் என்.கே. செல்கள் பொதுவாகக் குறைவு, அவற்றுக்கே உரிய மரபணுக்களும் குறைவு. அதனால் இந்தக் கருவிகள் டி செல்லைக் கணிப்பதைவிட என்.கே. செல்லைக் கணிப்பதில் அதிகம் தடுமாறும்.

ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2019இல் இதற்கு வேறு வழி எடுத்தார்கள். என்.கே. செல்லில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், புற்றுச் செல்லிலோ வேறு செல்லிலோ தலைகாட்டும் மரபணுக்களை ஒவ்வொன்றாகக் கழித்து, கடைசியில் 20 மரபணுக்கள் கொண்ட ஒரு அடையாளப் பட்டியலை உருவாக்கினார்கள். அந்தப் பட்டியலை வைத்து, பரவிய மெலனோமா என்ற தோல் புற்றுநோய்த் தரவில் மதிப்பெண் போட்டபோது, மதிப்பெண் அதிகமுள்ளவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்தது தெரிந்தது. இங்கேயும் பழைய எச்சரிக்கை பொருந்தும். என்.கே. செல் வந்த கட்டிக்குள் பெரும்பாலும் டி செல்லும் வந்திருக்கும். யாருடைய உழைப்பால் ஆயுள் நீண்டது என்பதை இந்த மதிப்பெண் மட்டும் சொல்லாது.

எச்.எல்.ஏ.வைத் தொலைத்த கட்டி

எலிச் சோதனைக்குத் திரும்புவோம். மனிதப் புற்றுநோயிலும் செல்கள் எச்.எல்.ஏ.வை இழக்கின்றனவா?

நம் ஒவ்வொருவருக்கும் எச்.எல்.ஏ. மரபணுக்கள் இரண்டு தொகுப்பு. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. சில கட்டிகள் ஒரு தொகுப்பை மட்டும் தொலைத்துவிடும். இதை டி.என்.ஏ. தரவில் கண்டுபிடிப்பது நெடுங்காலம் சிரமமாக இருந்தது. எச்.எல்.ஏ. மரபணுக்கள் ஆளுக்கு ஆள் அவ்வளவு மாறுபடும், எல்லோருக்கும் பொதுவான மாதிரி மரபணுத் தொகுதியோடு ஒப்பிட்டால் துண்டுகள் சரியாகப் பொருந்தாது. 2017இல் லண்டன் ஆய்வாளர்கள் லோ-எச்.எல்.ஏ. என்ற நிரலை வெளியிட்டார்கள். பொது மாதிரியை விட்டுவிட்டு, அந்த நோயாளிக்கே உரிய எச்.எல்.ஏ. வரிசைகளை மாதிரியாக வைத்தார்கள். கட்டியில் ஒவ்வொரு நகலுக்கும் எத்தனை துண்டுகள் பொருந்துகின்றன, அவருடைய ஆரோக்கியமான திசுவில் எத்தனை என்று ஒப்பிட்டார்கள். சிறிய மாற்றம்தான், ஆனால் அவர்கள் பார்த்த நுரையீரல் புற்றுநோய் நோயாளிகளில் 40 சதவீதம் பேரின் கட்டிகளில் இந்த இழப்பு தெரியவந்தது.

இது டி செல்லிடமிருந்து தப்பிக்கும் வழி. தன்னைக் காட்டிக்கொடுக்கும் எச்.எல்.ஏ. நகலைப் புற்றுச் செல் தூக்கிப் போட்டுவிடுகிறது. அப்படியென்றால் என்.கே. செல் பாய்ந்திருக்க வேண்டுமே? பல நேரம் பாய்வதில்லை. மிச்சமிருக்கும் மற்றொரு தொகுப்பு இன்னும் "நம்ம ஆள்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. டி செல்லை ஏமாற்றும் அளவுக்கு இழந்து, என்.கே. செல்லைச் சமாதானப்படுத்தும் அளவுக்கு வைத்துக்கொண்ட கட்டி.

இது எல்லோருக்கும் ஒரே மாதிரி அமைவதில்லை. கே.ஐ.ஆர். ஏற்பிகள் எல்லா எச்.எல்.ஏ.வையும் பார்ப்பதில்லை, சில குறிப்பிட்ட குழுக்களை மட்டுமே பார்க்கும். கே.ஐ.ஆர். மரபணுக்கள் 19ஆம் குரோமோசோமில், எச்.எல்.ஏ. 6ஆம் குரோமோசோமில். இரண்டும் தனித்தனியாகப் பரம்பரை வழியே வருவதால் பூட்டு ஒருவரிடம் இருந்து சாவி இல்லாமலும் போகலாம். ஒரு நோயாளியின் கட்டி இழந்த நகல் எது, அந்த நகலைப் பார்க்கும் கே.ஐ.ஆர். அவரிடம் உண்டா என்று இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால்தான் அவருடைய என்.கே. செல்கள் இந்த இழப்பைக் கவனிக்குமா என்று சொல்ல முடியும். கே.ஐ.ஆர். மரபணுக்கள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதும், ஆளுக்கு ஆள் அவற்றின் எண்ணிக்கையே மாறுவதும் இந்தக் கணக்கை இன்னும் கடினமாக்குகின்றன. கணினி உயிரியலுக்கு இங்கே நிறைய வேலை இருக்கிறது.

தரவைப் பிரிப்பது தவிர, கட்டிக்கும் என்.கே. செல்லுக்கும் நடக்கும் போரைச் சமன்பாடாக எழுதிப் பார்ப்பவர்களும் உண்டு. கட்டி இவ்வளவு வேகத்தில் வளர்கிறது, என்.கே. செல் அதைச் சந்திக்கும் வேகத்துக்கு ஏற்பக் கொல்கிறது என்று எழுதி, மருந்தை எப்போது கொடுத்தால் கட்டி ஒடுங்கும் என்று ஓட்டிப் பார்ப்பார்கள். 2005இல் வெளியான ஒரு மாதிரியில், என்.கே. செல்லின் கொலைக்கும் டி செல்லின் கொலைக்கும் வெவ்வேறு வடிவச் சமன்பாடுகள் தேவைப்பட்டன. இருவரும் கொல்லும் விதம் வேறு என்று கணிதம் வழியாகவும் தெரிந்தது.

சிகிச்சைக்கு எவ்வளவு தூரம்?

அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் மையம் 2020இல் முடிவை வெளியிட்ட ஒரு சோதனையில், 11 ரத்தப் புற்றுநோயாளிகளுக்கு, தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து எடுத்து மரபணு மாற்றிய என்.கே. செல்களைச் செலுத்தினார்கள். 8 பேருக்குப் பலன் கிடைத்தது, 7 பேருக்கு நோயின் தடயமே தெரியாமல் போனது. மரபணு மாற்றிய டி செல் சிகிச்சையில் பயமுறுத்தும் கடுமையான அழற்சிப் புயல் இவர்களுக்கு வரவில்லை. சிறிய சோதனைதான், அவர்களில் பலருக்கு வேறு சிகிச்சையும் தொடர்ந்து கொடுக்கப்பட்டது. ஆனாலும் வேறொருவரின் செல்லைப் பாதுகாப்பாகக் கொடுக்க முடியும் என்பது பெரிய விஷயம்.

எல்லாம் இப்படி அமையவில்லை. என்.கே.ஜி.2ஏ தடுப்பை நீக்கும் மோனாலிசுமாப் மருந்தின் மீது நிறையப் பேர் நம்பிக்கை வைத்திருந்தார்கள். தலை-கழுத்துப் புற்றுநோயில் அதன் மூன்றாம் கட்டச் சோதனை, பலன் தெரியாததால் 2022இல் நிறுத்தப்பட்டது. ஒரு தடுப்பை எடுத்துவிட்டாலும், கட்டிக்குள் போதுமான என்.கே. செல் இருக்க வேண்டும், அது களைத்துப்போகாமல் இருக்க வேண்டும், முடுக்கும் செய்தியும் கிடைக்க வேண்டும். மிக்-ஏ புரதத்தைப் புற்றுச் செல் மேற்பரப்பிலிருந்து வெட்டி உதிர்த்துவிட்டால் அந்தச் செய்தியும் அடங்கிவிடும். எந்த நோயாளிக்கு எந்தக் கண்ணி அறுந்திருக்கிறது என்று முன்கூட்டியே சொல்வதற்குத்தான் இவ்வளவு கணக்கும்.

இதில் கை வைத்துப் பார்க்க ஆசை இருந்தால் ஆய்வகம் வேண்டியதில்லை. டி.சி.ஜி.ஏ.வின் மரபணுச் செயல்பாட்டு எண்களும், பல ஒற்றைச் செல் அட்டவணைகளும் பொதுவில் கிடைக்கின்றன. அவற்றைத் திறக்கும் சூரா, ஸ்கேன்பை ஆகிய நிரல் தொகுப்புகளுக்குக் காசு இல்லை. ரத்தச் செல் தரவு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், கட்டியைவிட அது எளிது. செல்களைக் கூட்டங்களாகப் பிரித்துவிட்டு என்.கே.ஜி.7ஐத் தேடுங்கள். இரண்டு, மூன்று கூட்டங்கள் பளிச்சென்று தெரியும். அவசரப்பட்டு எல்லாவற்றுக்கும் என்.கே. என்று பெயர் வைத்துவிடாதீர்கள். அப்புறம் சி.டி.3டியைப் போட்டுப் பாருங்கள், எந்தக் கூட்டம் இருட்டாகவே இருக்கிறது என்று.